வசனம் கேட்கட்டும்: தமிழ்த் தொலைக்காட்சியின் ஒலியை அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள், நெடுந்தொடர்த் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், படத்தொகுப்பாளர்கள், பின்னணி இசையமைப்பாளர்கள், ஒலிக்கலவைப் பொறியாளர்கள் அனைவருக்கும்.



தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் ஒலி, பேச்சு, சூழலொலி, இசை எனத் தனித்தனித் தடங்களாக உருவாகிப் பின்னர் ஒன்றாகக் கலக்கப்படுகிறது; நகைச்சுவை நிகழ்ச்சியாக இருந்தால் முன்பே பதிவு செய்து வைத்த சிரிப்பொலித் தடம் ஒன்றும் அவற்றோடு சேர்கிறது. இவற்றுள் எது முன்னே நிற்க வேண்டும், எது ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று முடிவு செய்யும் பணியே ஒலிக்கலவை. தொழிலில் இருப்பவர்கள் அதை மிக்சிங் என்றே சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தமிழ்த் தொலைக்காட்சியில் இந்த முடிவு பேச்சுக்குப் பாதகமாகவே எடுக்கப்பட்டு வருகிறது. இதனால் பார்வையாளர் வசனத்தை மட்டும் இழக்கவில்லை, தாமாகவே சிரிக்கவும் வருந்தவும் ஐயுறவும் அவருக்கு இருந்த இடத்தையும் இழக்கிறார் என்பதே இம்மடல் தங்கள் முன் வைக்கும் முறையீடு.

இந்தக் குறை இசையின் மீதான வெறுப்பிலிருந்து எழுவதன்று. மாலை தொடங்கி இரவு வரை தொடர்களை ஒன்று விடாமல் பார்க்கும் வீடுகளில்தான் இது மிகுதியாகப் பேசப்படுகிறது. வசனம் புரியாமல் ஒலியைக் கூட்டுவதும், அடுத்த நொடியில் இசை வெடித்ததும் பதறிக் குறைப்பதும், ‘இப்ப என்ன சொன்னான்?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதுமாக, ரிமோட்டைக் கீழே வைக்க வழியின்றிப் பார்க்கிறவர்கள், தங்கள் நிகழ்ச்சிகளின் மீது உண்மையான பற்றுள்ளவர்கள். பற்றில்லாதவர்கள் அலைவரிசையை மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்களுடைய முறையீட்டை முதியோரின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது எளிது, ஆனால் அதற்குப் பின்னால் செவியியல் தெளிவாக விளக்கக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் காதுக்கு எட்டாதபடி மூடிவிடுவதை மறைப்பு விளைவு என்பர். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி, தன்னைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியை எளிதில் மூடும். உயர்ந்தது தாழ்ந்ததை மூடுவது அவ்வளவு எளிதன்று. மனிதப் பேச்சில் ஆற்றலின் பெரும்பகுதி உயிரொலிகளில், அதாவது தாழ்ந்த பகுதியில், தங்கியிருக்க, ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளங்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, ஆற்றல் குன்றிய பகுதியில் அமைகின்றன. ஆகவே கீபோர்டின் கனத்த இழைவொலியோ செல்லோவின் அழுகையோ பேச்சின் அடியில் ஓடும்போது, உயிரொலிகள் தப்பிவிட மெய்யொலிகள் மறைகின்றன. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை என்று பலரும் சொல்லும் நிலை இவ்வாறே உண்டாகிறது. வயது ஏறும்போது செவித்திறன் முதலில் குறையத் தொடங்குவதும் அந்த உயர்ந்த பகுதியில்தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு செவித்திறன் குறைந்தவர்கள் என்று கூறுகிறது. தொடர்களின் நிலையான பார்வையாளர்களில் இவ்வயதினர் எவ்வளவு பேர் என்பதைத் தங்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

தமிழ்ப் பேச்சின் அமைப்பு இந்த இடரை மேலும் கூட்டுகிறது. வாக்கியத்தின் முடிவான செய்தி வினைமுற்றில், அதிலும் அதன் கடைசி அசையில், வந்து நிற்கிறது: ‘சொல்லல’, ‘சொல்லலாம்’, ‘சொல்லணும்’ ஆகிய மூன்றும் ஒன்றுபோலத் தொடங்கி இறுதியில்தான் பிரிகின்றன. பேசுபவரின் மூச்சு தளர்ந்து குரல் தாழும் இடமும் அதுவே. வசனத்தின் திருப்பம் அங்கே முடிவதால், அதிர்ச்சியைக் காட்டும் முழக்கம் எழுப்பப்படும் இடமும் பெரும்பாலும் அதுவே. மருமகள் உண்மையைச் சொல்லிவிட்டாளா, சொல்லாமல் மறைத்துவிட்டாளா என்ற ஒன்றை அறியத்தான் பார்வையாளர் விளம்பர இடைவேளை முழுவதும் காத்திருந்தார் என்றால், அந்த ஒன்றையே முழக்கம் விழுங்கிவிடுகிறது.

கலவைக் கூடத்தில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களின் திறமைக் குறைவன்று. காட்சியை எழுதியவரும் இயக்கியவரும் தொகுத்தவரும் அந்த வசனத்தைப் பலமுறை கேட்டவர்கள். ஒரு வாக்கியத்தை முன்பே அறிந்தவரின் மனம், காதில் விழாத அசைகளையும் தானே நிரப்பிக்கொள்கிறது. கூடமோ வெளியோசை புகாதபடி அடைக்கப்பட்டது; அங்குள்ள ஒலிபெருக்கிகள் மிகச் சிறிய வேறுபாட்டையும் பிரித்துக் காட்டுபவை. வீட்டில் இருக்கும் தட்டைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கோ ஒலிபெருக்கிக்கு முன்பக்கத்தில் இடமில்லை. அது கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பேசுகிறது. மேலே மின்விசிறி சுழல்கிறது, அடுக்களையில் குக்கர் விசிலடிக்கிறது, தெருவில் ஆட்டோ போகிறது. இத்தகைய வீட்டில் முதன்முறையாகக் கேட்கப்படும் வசனத்துக்கும், குளிரூட்டிய கலவைக் கூடத்தில் இருபதாவது முறையாகக் கேட்கப்படும் வசனத்துக்கும் இடையிலுள்ள தொலைவை எந்த மிக்சரின் அளவுமானியும் காட்டுவதில்லை.

ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இது எந்தத் தனித் தொடரையும் சுட்டுவதன்று, வெவ்வேறு பெயர்களில் பல தொடர்களிலும் வருவது. மருத்துவமனையின் நடைக்கூடம், அறுவை சிகிச்சை அறையின் கதவு திறக்கிறது, மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வருகிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே வயலின்கள் துயரத்தை அறிவித்துவிடுகின்றன. அவர் தணிந்த குரலில், அச்சூழலில் உண்மையான மருத்துவர் பேசுவது போலவே, இரண்டு வாக்கியங்கள் சொல்கிறார். இரண்டாவது வாக்கியத்தின் பாதியில் இடி முழங்குகிறது. தாயின் முகம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு முழக்கத்தோடு, அருகே இழுக்கப்படுகிறது. அடுத்து மகளின் முகம், பிறகு மருமகனின் முகம், இறுதியில் தூணருகே நிற்கும் நாத்தனாரின் முகம். அவருக்கென்று வைத்திருக்கும் வஞ்சக இசைத்துணுக்கு அங்கே ஒலிக்கிறது. இவ்வளவுக்கும் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. தாயாக நடித்தவர் அந்தக் கணத்தில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததையும், அவருடைய மூச்சு ஒருமுறை தடைப்பட்டு மீண்டதையும், படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்கள் கண்டிருப்பார்கள், கேட்டிருப்பார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது வந்து சேரவில்லை. கண் தெரியாத பார்வையாளர்கள் — தொடர்களைக் காதாலேயே பின்தொடர்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம் — அந்த நேரம் முழுவதும் யார் முகம் காட்டப்படுகிறது, என்ன நிகழ்கிறது என்று எதுவும் தெரியாமல் முழக்கங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

இவ்வழக்கம் ஏன் வேரூன்றியது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. நாள்தோறும் ஓர் அத்தியாயத்தை ஒளிபரப்பியாக வேண்டிய தொடரில், திரைப்படத்துக்குச் செய்வது போலக் காட்சியைப் பார்த்து இசை எழுதும் ரீ-ரெக்கார்டிங் வேலைக்கு நேரம் கிடைப்பதில்லை. சோகம், சூழ்ச்சி, அதிர்ச்சி, பாசம் என வகைப்படுத்தி முன்பே சேமித்து வைத்த துணுக்குகள் எடுத்து ஒட்டப்படுகின்றன. படப்பிடிப்பில் நேரம் போதாமல் விட்டுப்போன உணர்வை இசை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கையும், ஒலி ஒரு கணம் அடங்கினால் பார்வையாளர் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடுவார், டி.ஆர்.பி. புள்ளி இறங்கிவிடும் என்ற அச்சமும் அதனுடன் சேர்கின்றன. நேர நெருக்கடி உண்மையானது. அச்சம் அப்படிப்பட்டதாகத் தோன்றவில்லை. எல்லா அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே முழக்கம் ஒலிக்கும்போது, காதை நிறுத்தி வைக்கும் ஆற்றல் அந்த முழக்கத்துக்கு இல்லாமல் போய்விடுகிறது, திடீரென்று வரும் அமைதிக்கே அது உண்டு.

இசை எப்போது ஒதுங்க வேண்டும் என்ற அறிவு தமிழ் நிகழ்த்துகலைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடல் அரங்கில் பங்குகொள்ளும் ஒவ்வொரு கலைஞரின் தகுதியையும் விரிவாகப் பேசும்போது, தண்ணுமை என்னும் முழவின் ஆசிரியன் பிற கருவிகளில் குறை நேரும் இடத்தில் நிரப்பவும், தன் ஒலி மிகும் இடத்தில் அடக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஒலிக்கலவையின் முதற்பாடமாக இதைக் கொள்ளலாம். தெருக்கூத்தில் முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்பாட்டும் சேர்ந்து பாட்டைத் தூக்கிச் செல்கின்றன. கூத்தர் வசனத்துக்கு வந்ததும் அவை இறங்கி, பேச்சு முடியும் இடங்களில் மட்டும் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துகின்றன, ஏனெனில் திறந்த வெளியில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அந்த வசனம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிற்காலத்தில் ‘பராசக்தி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதைவசனம் இசைத்தட்டுகளாக வந்து திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் குழாய் ஒலிபெருக்கியில் முழங்கியது. வானொலியின் ஒலிச்சித்திரங்களில் ஒரு முழுப் படமும் காதால் மட்டுமே பார்க்கப்பட்டது. படத்தைக் காணாமல் வசனத்தைக் கேட்டே மனப்பாடம் செய்த மக்கள், இன்று படத்தைக் கண்டும் வசனத்தைக் கேட்க முடியாமல் இருக்கிறார்கள்.

திரைப்படத்திலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) வழக்கமான பின்னணி இசை ஏதுமின்றி, பறவைகளின் ஒலிகளையும் மின்னணுக் கருவியில் உருவாக்கிய ஒலிகளையும் கொண்டே அச்சத்தை எழுப்பியது. கௌதம் வாசுதேவ் மேனனின் ‘நடுநிசி நாய்கள்’ (2011) பின்னணி இசையே இல்லாமல் வெளியானது. ஒவ்வொரு தொடரும் இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நெடுந்தொடரில் நேரும் தீங்கு சலிப்போடு முடிகிறது. செய்தியிலும் குற்றச்செய்தித் தொகுப்பிலும் நேர்வது அறத்தைச் சார்ந்தது. காவல்துறையினர் ஒருவரை அழைத்துச் செல்லும் காட்சி காட்டப்படுகிறது. அவர் மீது இன்னும் குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் செய்யப்படவில்லை. செய்தி வாசிப்பவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றும் ‘சந்தேகத்தின் பேரில்’ என்றும் சட்டத்துக்கு உட்பட்ட சொற்களையே கவனமாக ஆள்கிறார். ஆனால் அச்சொற்களின் அடியில் பேய்ப்படத்துக்குரிய முனகலும் இதயத்துடிப்பைப் போன்ற தாளமும் ஓடுகின்றன. காட்சி மெதுவாக்கப்பட்டு, அவருடைய முகம் சிவப்பு வட்டத்துக்குள் நிறுத்தப்படுகிறது. சொல் விட்டுவைத்த ஐயத்தை இசை தீர்த்துவிடுகிறது. நீதிமன்றம் சில ஆண்டுகளுக்குப் பின் அவரை விடுவித்தாலும், அந்த இசையோடு பதிந்த முகத்தைப் பார்த்தவர்களின் மனம் விடுவிப்பதில்லை. எழுத்தில் அவதூறு நேர்ந்தால் மறுப்பு வெளியிடச் சொல்லலாம். பின்னணி இசையால் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு எந்த வாக்கியத்தைச் சுட்டி மறுப்புக் கேட்பது?

இறந்தவரின் வீட்டில் எடுத்த காட்சிகளுக்குச் சோக இசை சேர்ப்பதும் இதனினும் சிறிய பிழையன்று. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் ஒப்பாரிக்குத் துணைக்கருவி தேவையில்லை; அந்த அழுகையின் மீது கீபோர்டு இசை ஏற்றப்படும்போது, உண்மையில் நிகழ்ந்த ஒரு சாவு நாடகக் காட்சியின் வரிசைக்கு இறக்கப்படுகிறது. பாட்டுப் போட்டிகளிலும் பிற மெய்நிகழ்ச்சிகளிலும் போட்டியாளர் தம் வீட்டு வறுமையைச் சொல்லத் தொடங்கியதும் ஒலிக்கும் குழலும் இவ்வாறே: சொல்பவர் உண்மையைச் சொல்கிறார், ஆனால் அதே குழல் முந்தைய வாரமும் அதற்கு முந்தைய வாரமும் ஒலித்ததால், அவருடைய உண்மையும் தயாரித்து வைத்தது போன்ற ஐயத்துக்கு ஆளாகிறது.

சிரிப்பொலியின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. அமெரிக்காவில் வானொலிக் காலத்து நகைச்சுவை நிகழ்ச்சிகள் அரங்கில் பார்வையாளரை அமர்த்தி ஒலிபரப்பப்பட்டன. தொலைக்காட்சி வந்து, ஒரே காட்சி பல கோணங்களில் திரும்பத் திரும்பப் படமாக்கப்பட்டபோது, உடனிருந்து சிரிக்க ஆளில்லாமல் போனது. 1950இல் ‘தி ஹேங்க் மெக்கியூன் ஷோ’ என்ற நிகழ்ச்சியில், இல்லாத பார்வையாளரின் சிரிப்பு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சி.பி.எஸ். நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் இதற்கென்றே ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். தட்டச்சுப்பொறி போன்ற விசைகள் கொண்ட பெட்டி அது; உள்ளே முனை இணைக்கப்பட்டு ஓயாமல் சுற்றும் ஒலிநாடா வளையங்கள்; ஒவ்வொரு விசைக்கும் ஒரு வகைச் சிரிப்பு — அடக்கிய சிரிப்பு, பெண்ணின் கலகலப்பு, ஒருவர் மட்டும் தாமதமாகப் புரிந்துகொண்டு சிரிப்பது, அரங்கமே அதிர்வது — என்று அமைந்திருக்க, சிரிப்பு எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை டக்ளஸ் காலால் மிதிக்கும் கட்டையால் அளந்தார். பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தார். அதன் உள்ளமைப்பைக் கண்டவர்கள் மிகச் சிலரே. நடிகர் ரெட் ஸ்கெல்டனின் பேச்சில்லா அபிநயக் காட்சிகளின்போது எழுந்த சிரிப்புகளே அந்த நாடாக்களில் பெருமளவு இடம்பெற்றிருந்தன என்று கூறப்படுகிறது. வசனம் குறுக்கிடாததால் அச்சிரிப்பு தூய்மையாகப் பதிவாகியிருந்தது. எவரோ ஒரு நடிகரின் கலைக்கு மனமுவந்து சிரித்த மக்களின் குரல், அவர்கள் பார்த்தே இராத நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்டது.

படைப்பாளிகள் இதை எதிர்க்காமல் இல்லை. கொரியப் போர்க்களத்து மருத்துவ முகாம் ஒன்றைப் பற்றிய ‘மேஷ்’ தொடர் (1972–1983) தொடங்கியபோது, அதை உருவாக்கிய லாரி கெல்பார்ட் சிரிப்பொலி வேண்டாம் என்று வாதாடினார், சி.பி.எஸ். இணங்கவில்லை. இறுதியில் அறுவை சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி வராது என்று உடன்பாடு ஏற்பட்டது. அதே தொடரை பிரிட்டனில் பி.பி.சி. சிரிப்பொலியை நீக்கிவிட்டு ஒளிபரப்பியது. அங்கும் அது விரும்பிப் பார்க்கப்பட்டது. தம் நகைச்சுவையின் மீது நம்பிக்கை கொண்ட எழுத்தாளரிடமிருந்து, பார்வையாளரின் மீது நம்பிக்கையற்ற நிர்வாகம் எதைப் பறித்தது என்பதை இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் உணரலாம்.

சிரிப்பொலி வேலை செய்வதில்லை என்று இம்மடல் வாதிடவில்லை. வேலை செய்கிறது என்பதுதான் சிக்கல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நரம்பியலாளர் சோஃபி ஸ்காட்டும் அவருடைய குழுவினரும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சாதாரணமான கடி ஜோக்குகள்கூடப் பின்னால் சிரிப்பைச் சேர்த்ததும் அதிக மதிப்பெண் பெற்றன. செயற்கையாகச் சிரித்ததைவிட அடக்க முடியாமல் எழுந்த உண்மைச் சிரிப்பு அம்மதிப்பை மேலும் உயர்த்தியது. மனிதர் கூடிச் சிரிக்கும் உயிரினம் என்பதால் இது இயல்பே. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது, சிரிப்பொலி நகைச்சுவையை மேம்படுத்துகிறது என்பதன்று. கேட்பவரின் மதிப்பீட்டை அவர் அறியாமலே நகர்த்துகிறது என்பதே. அதைக் கண்டுகொண்ட பார்வையாளர் எரிச்சல் கொள்கிறார். தம் வீட்டில் அமர்ந்து தம் விருப்பப்படி பார்க்கும் ஒன்றில், எங்கே சிரிக்க வேண்டும் என்று வேறொருவர் ஆணையிடுவதாக அவருக்குப் படுகிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் இவ்வெரிச்சலுக்கு வலுவான விளக்கம் தருகிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுத் தோன்றுவது மெய்ப்பாடு. அவ்வாறான எட்டனுள் முதலாவது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழியாகப் பிறக்கிறது. அதற்குப் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர் எழுதிய உரை, சுவை தோன்றும் முறையை நான்கு படிகளாக விளக்குகிறது: சுவைக்கப்படும் பொருள் ஒன்று வேண்டும், அதனைக் கண்ணும் செவியும் நுகர வேண்டும், நுகர்ந்தது மனத்தில் பட்டு அங்கே ஒரு குறிப்பு நிகழ வேண்டும், அதன் பின்னரே கண்ணீர் அரும்புதல், மயிர் சிலிர்த்தல் போன்ற உடல் வேறுபாடு தோன்றும், அதனைச் சத்துவம் என்பர். பதிவுச் சிரிப்பொலியும் சோக வயலினும் நடுவிலுள்ள இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு, நான்காவதை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கின்றன. முதற்படியாகிய பொருள் — எள்ளுதற்குரிய ஒரு செயல், ஒரு பேதைமை — காட்சியில் இல்லாதபோதும் சத்துவம் மட்டும் ஒலிக்கிறது. அங்கே நகை பிறக்கவில்லை.

அரங்கில் உண்மையாக எழுந்த சிரிப்பின் மீது எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் ஆகியோரின் மேடை நாடகங்கள் ஒலிநாடாக்களாக வந்தபோது, சபாவில் இருந்தோரின் சிரிப்பும் அவற்றில் பதிவாகியிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நடிகருக்கு விடையாக எழுந்தது, அது அடங்கும் வரை நடிகர் காத்திருந்து அடுத்த வரியைச் சொன்னார். இன்றைய நகைச்சுவைப் போட்டிகளிலோ, துணுக்கு முடியும் முன்பே டிரம் உருள்கிறது. வேறொரு நேரத்தில் சிரித்த நடுவரின் முகம் அங்கே ஒட்டப்படுகிறது. பழைய படத்திலிருந்து வடிவேலுவின் ஒரு வரி குறுக்கே செருகப்படுகிறது. மேடையில் நிற்கும் இளைஞர் ஊர் விட்டு ஊர் வந்து, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துத் தம் துணுக்கின் இறுதி வரியைச் செதுக்கியிருப்பார். அந்த வரி காதில் விழவே வாய்ப்பில்லாமல் செய்வது, பார்வையாளருக்கு முன்பாக அவருக்கு இழைக்கும் அநீதி.

மாற்றம் இயலாதது என்ற எண்ணத்தை வேறிடத்து அனுபவம் மறுக்கிறது. 2011இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘வண்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ என்ற அறிவியல் தொடரில், இயற்பியலாளர் பிரையன் காக்ஸின் விளக்கத்தை இசை மூடுகிறது என்று முதல் பகுதி வெளியானதும் பார்வையாளர் முறையிட்டனர். அடுத்து வந்த பகுதிகளில் இசையின் அளவைப் பி.பி.சி. குறைத்தது. காக்ஸ் அம்முடிவை ஏற்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சி திரைப்பட அனுபவம் போல அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. பேரண்டத்தின் பிரம்மாண்டத்தை இசையால் உணர்த்த விரும்பும் படைப்பாளியின் ஆசை மதிக்கத்தக்கது. ஆயினும் விளக்கம் புரியாத அறிவியல் நிகழ்ச்சியில் மிஞ்சுவது பிரமிப்பு மட்டுமே. அதே ஆண்டில் பி.பி.சி., பார்வையாளர் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் அடிப்படையில், பேச்சின் தெளிவு குறித்துத் தன் தயாரிப்பாளர்களுக்கு நெறிமுறைகளை வகுத்தது. 2019இல் ‘கேசுவல்டி’ என்ற மருத்துவமனைத் தொடரின் ஒரு பகுதியைச் சோதனை முறையில் இணையத்தில் வெளியிட்டு, கதைக்கு இன்றியமையாத ஒலிகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் குறைக்கும் வசதியைப் பார்வையாளர் கையிலேயே கொடுத்தது.

சட்டம் இதுவரை தொட்டிருப்பது ஒரு மூலையை மட்டுமே. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், விளம்பரங்களின் ஒலி அளவுக்கு மீறி உரத்திருக்கக் கூடாது என்கின்றன. ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 2010இல் வகுத்த ஆர் 128 என்ற பரிந்துரை, ஒரு நிகழ்ச்சியின் சராசரி ஒலியுரப்பை, அதாவது காது உணரும் உரப்பின் அளவை, ஒரே மட்டத்தில் நிறுத்துகிறது. ஆனால் சராசரி சரியாக இருக்கும் நிகழ்ச்சியிலும் வசனம் இசைக்குள் மூழ்கியிருக்கலாம். பேச்சுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அச்சராசரி காட்டாது. அந்த வேறுபாட்டுக்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிமுறைகள் ஓர் அளவு சொல்கின்றன: முன்னே நிற்கும் பேச்சைவிடப் பின்னணி ஒலி குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். அது இணையத்துக்காக, அதிலும் மிக உயர்ந்த தரப்படிக்காக, எழுதப்பட்டது. எனினும் கலவைப் பொறியாளர் ஒருவர் நாளையே எடுத்துக் கையாளத் தடையில்லாத எண் அது.

ஆகவே இம்மடல் கோருவன பெரும் செலவு கோருபவை அல்ல. வசனம் நிகழும்போது இசையை அந்த 20 டெசிபல் அளவுக்கு இறக்குவதை ஒவ்வொரு நிலையமும் தன் தயாரிப்பாளர்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். இறுதிக் கலவையை ஏற்கும் முன், கதையை அறியாத, 60 வயதைக் கடந்த இருவரை மின்விசிறி ஓடும் சாதாரண அறையில், சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தி, ஒவ்வொரு வசனமும் புரிந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். செய்தியிலும் குற்றச்செய்தித் தொகுப்பிலும் தலைப்பு இசை தவிர்த்து வேறெந்த இசையும் கூடாது என்ற விதியைச் செய்தி ஆசிரியர்கள் தாங்களே விதித்துக்கொள்ளலாம். இதற்குப் பணமே தேவையில்லை. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அந்த அரங்கில், அந்தக் கணத்தில் எழுந்த சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடகங்களை அவர்கள் அணுகுவதற்கு ஒலிவழி விளக்கம், சைகைமொழி, எழுத்துவழி வசனம் ஆகியவற்றைச் சுட்டுகிறது. தமிழ்த் தொடர்களுக்குத் தமிழிலேயே எழுத்துவழி வசனம் சேர்ப்பது செவித்திறன் குறைந்தோர்க்கு உடனடியாகப் பயன்படும்.

ஓ.டி.டி. தளங்களை நடத்தும் நிலையங்களுக்கு மேலும் ஒரு வழி திறந்திருக்கிறது. பேச்சும் இசையும் தனித்தனித் தடங்களாகவே தங்கள் கணினிகளில் இருப்பதால், இசை தணிந்த இரண்டாவது ஒலித்தடம் ஒன்றை அதே அத்தியாயத்துடன் சேர்த்து அளிக்க முடியும். அமேசான் பிரைம் 2023 முதல் சில படங்களுக்கும் தொடர்களுக்கும் வசனத்தை உயர்த்திக் கேட்கும் வசதியைத் தருகிறது. பெரிதும் பார்க்கப்படும் ஒரு தொடரில், ஒரு வாரத்து அத்தியாயங்களுக்கு மட்டும் இத்தகைய இரண்டாவது தடத்தைச் சேர்த்து, எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தவர்கள் இறுதிவரை பார்க்கிறார்களா என்பதைத் தங்கள் தளத்தின் கணக்கிலிருந்தே எடுத்து வெளியிட வேண்டும் என்று இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
தமிழ்த் தொலைக்காட்சியைத் தொடர்ந்து பார்க்கவும் கேட்கவும் விரும்புவோர் சார்பில்.